பூட்டிக் கிடக்கும் புயல் காப்பகங்களை மாலையில் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரப் பிள்ளைகளுக்கு இளைஞர் மையம் என்று பேச்செடுத்தாலே, கட்டடத்துக்கு எத்தனை லட்சம், கம்ப்யூட்டர் எத்தனை என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரையோரமாகப் போய் வந்தால் தெரியும், கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. புயல் காப்பகம், வலை பின்னும் கூடம், சமுதாயக் கூடம் என்று ஏதோ ஒன்று பல ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது. புயல் வந்தால் திறப்பார்கள், தேர்தல் வந்தால் திறப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சாயங்காலம் புத்தகத்தோடு வந்து நின்றால் திறக்க ஆளில்லை. சாவி அலுவலரிடம் இருக்கும், அவர் குடியிருப்பது வேறு ஊராக இருக்கும்.

இந்தக் கட்டடங்களையே இளைஞர் மையமாகத் தினமும் மாலை 5 மணி முதல் 8.30 வரை திறந்துவைக்க மாவட்ட நிர்வாகம் எழுத்தில் உத்தரவு தர வேண்டும், இரண்டாவது சாவி அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் காப்பகம் காப்பகமாகவே வேண்டுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் மையத்தின் சாமான் மொத்தமும் இரண்டு டிரங்குப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்கிறோம். சுவரில் அடித்த அலமாரி, தரையில் பதித்த மேசை எதுவும் வேண்டாம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்ட அரை மணி நேரத்தில் இடத்தைக் காலி செய்துவிடலாம்.

அடுத்தது ஆள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்ல அது ஓடியது. வளர்ந்த பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகவும், சான்றிதழுக்கு இ-சேவை மையம் கூட்டிப் போகவும், பள்ளி ஆசிரியரிடம் பேசவும் அந்தத் தொகைக்கு யாரும் நிலைக்க மாட்டார்கள். ஆறே மாதத்தில் ராமநாதபுரத்தில் ஏதாவது கடையில் வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். அவரோடு அவர் பழகிய முப்பது பிள்ளைகளும் போய்விடும். பட்டப்படிப்பு முடித்து அதே ஊரில் இருக்கும் பெண் ஒருவருக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். பெண் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம், 'அங்க அக்கா இருக்கு' என்றால்தான் இருட்டிய பிறகு பொம்பளப் பிள்ளைகளை வெளியே விடுவார்கள்.

எல்லாரும் தவறு செய்யும் இடம் நேரம். ராமேசுவரம் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் போகும், மற்ற நாளில் நாட்டுப்படகு. படகு கரைக்கு வரும் விடியலில் பதினைந்து வயதுப் பையன் வலையில் நண்டு கழிக்கவும் ஐஸ் உடைக்கவும் போவான். கையில் காசு புரளும், வகுப்பில் தூங்குவான். போகாதே என்று அவனிடம் சொல்வதில் பலனில்லை. அவன் வேலைக்குப் போகும் படகு வராத நாளில் கணக்கு, இயற்பியல் வையுங்கள். வரும் நாளில் வாலிபால் போதும். அவன் மையத்துக்கு வரும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தால் சரி.

சின்னப்பாலம் பக்கம் பெண்கள் கடற்பாசி எடுக்கப் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் சுமார் 12 நாள். அந்த நாட்களில் சோறாக்குவதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழும். வருகைப் பதிவேட்டை ஒரு காலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறை பார்த்த மாதிரி கட்டங்கள் காலியாகும். தம்பியையும் தூக்கிக்கொண்டு வா, ஒரு மூலையில் பாய் விரித்துவைக்கிறோம் என்று சொன்னால் அவள் வருவாள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மக்ரிப் தொழுகைக்கு இடைவெளி விட வேண்டும், நோன்பு மாதத்தில் நேரத்தையே மாற்ற வேண்டும். தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலை பூசை நேரத்தில் வகுப்பு வைத்தால் வாத்தியார் மட்டும்தான் இருப்பார். எல்லா ஊருக்கும் ஒரே கால அட்டவணையைச் சென்னையில் அச்சடித்து அனுப்பினால் அது சுவரில் ஒட்டத்தான் ஆகும்.

சுண்டல் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிச் சத்துணவுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் போகாத பிள்ளைக்கு ஆறரை மணிக்கு மேல் எழுத்து மண்டையில் ஏறாது. முப்பது பேருக்கு ஒன்றேகால் கிலோ கொண்டைக்கடலை போதும். இங்குள்ள போர்த் தண்ணீரில் ஊறவைத்தால் எத்தனை விசில் விட்டாலும் கல்லு மாதிரி இருக்கும், கடின நீரில் பயறு வேகாது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். செலவுத் திட்டம் எழுதும்போது கடலை விலையை மட்டும் போட்டுவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள்.

வருஷத்தில் மையம் ஒருநாள்கூட மூடக்கூடாத காலம் மே, ஜூன். அப்போதுதான் கோடை விடுமுறை என்று சாத்துகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, வீட்டில் வருமானம் கிடையாது. பிளஸ் டூ முடிவு வருவதும், கல்லூரி, ஐடிஐ, பாலிடெக்னிக் விண்ணப்பங்கள் தொடங்குவதும் அதே நாட்களில்தான். தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். மார்க் வாங்கிய பையன் அந்த இரண்டு மாதத்தில் கேரளாவுக்கு வேலைக்குப் போனால் திரும்பிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவது அரிது. அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் வீடு என்றால் இன்னும் சீக்கிரம் போவான். அந்த வீடுகளுக்குப் பட்டியல் போட்டு வாரம் ஒருமுறை போய்வர வேண்டும்.

விண்ணப்பம் தடைபடுவதற்கு மார்க்கைவிடப் பெரிய காரணம் ஓடிபி. பிள்ளையின் ஆதாரில் அப்பாவின் செல் நம்பர் இருக்கும். அப்பா கடலில் இருப்பார், போனில் சிக்னல் இருக்காது. இ-சேவை மையத்தில் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள். மறுநாளும் படகு போகும் நாளாக இருக்கும். எட்டாம் வகுப்பிலேயே அம்மா நம்பருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்போதே ஆதார், பள்ளிப் பதிவேடு, குடும்ப அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இனிஷியல், பிறந்த தேதி, பெயரின் எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளி பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் திருத்தினால் தலைமையாசிரியர் மட்டத்தில் முடியும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு என்றால் நடையாய் நடக்க வேண்டும்.

மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு வேண்டுமானால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், அரசு உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. நம் கடற்கரையில் உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் நிறைய. இதைப் பிளஸ் டூவில் போய்ச் சொல்லி என்ன பயன்? ஐந்தாம் வகுப்பு முடியும்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டிய சேதி.

கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு: இரண்டு லேப்டாப் போதும். மேசைக் கம்ப்யூட்டரின் விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்து, நினைவகப் பட்டையின் முனையில் பச்சை பூக்கவைக்கும். லேப்டாப்பை வேலை முடிந்ததும் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிவையுங்கள். இன்வெர்ட்டருக்கு 150 ஏஹெச் பேட்டரி இருந்தால் நான்கு எல்இடி குழல் விளக்கும் நான்கு சிக்கன மின்விசிறியும் ஐந்து மணி நேரம் தாங்கும். அதில் காய்ச்சி வடித்த நீர் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒரே வருஷத்தில் பேட்டரியைச் சாகடித்த மையங்கள் உண்டு.

மீனவ இளைஞர்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடலோரக் காவல்படையிலும் கடற்படையிலும் சேர மூன்று மாத இலவசப் பயிற்சி தருகிறது. காவல்படையில் நாவிக் (மாலுமி) பொதுப்பணிக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், வயது 18 முதல் 22. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே முடிவாகிவிடும் விஷயம் இது. உடல் தகுதியில் 1.6 கிலோமீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். மணலில் ஓடிப் பழகிய பையனுக்கு மூச்சு இருக்கும், தார்ச்சாலையில் ஷூ போட்டு ஓடியிருக்க மாட்டான், முதல் சுற்றிலேயே வேகம் முழுவதையும் செலவழித்துவிடுவான். கடிகாரம் வைத்துச் சாலையில் வாரம் மூன்று நாள் ஓடவிட வேண்டும். முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் சிக்கல். திருவிழாவில் நெஞ்சில் பெயர் குத்திக்கொள்ளும் வயது பதினாறு.

வரும் ஏப்ரல் 15-க்கு முன் சாவி கைக்கு வந்தால் இந்த வருஷ விண்ணப்ப வேலையையே அங்கே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கடலோர மாலை மையப் பணியாளர்கள்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.