இரவு வானக் கவிதைகளைத் தேர்ந்தெடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கவிதைப் போட்டி நடுவர்களுக்கும் இதழ்கள்ல கவிதைப் பக்கம் பாத்துக்குற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அடிக்கடி உங்கள்ல யாராவது 'இரவு வானம்'னோ 'நட்சத்திரங்கள்'னோ ஒரு தலைப்பு குடுத்துடுறீங்க, நாங்களும் விழுந்தடிச்சு எழுதி அனுப்புறோம், ரிசல்ட் வந்ததும் பரிசு வாங்கின கவிதைங்கள ஒண்ணு விடாம படிச்சுடுவேன், படிச்சு முடிச்சா எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வருது. எழுதினவங்கதான் அண்ணாந்து பாக்கல, தேர்ந்தெடுத்த நீங்களாவது பாத்தீங்களா?

சும்மா சொல்லல. நடுராத்திரியில தலைக்கு மேல பிறைநிலா நிக்குற கவிதைக்கெல்லாம் பரிசு போயிருக்கு. வளர்பிறைக் கீத்து சாயங்காலம் மேற்குல கொஞ்ச நேரம் முகம் காட்டிட்டு சூரியன் பின்னாடியே இறங்கிடும், தேய்பிறைக் கீத்து விடியப் போற நேரத்துலதான் கிழக்குல எட்டிப் பாக்கும், நடுராத்திரி உச்சியில அதுக்கு வேலையே இல்ல. பிறையோட ரெண்டு கொம்புக்கு நடுவுல ஒரு நட்சத்திரத்தை உக்கார வச்ச கவிதையும் உண்டு, அந்த இருட்டான எடத்துல நிலாவோட மிச்ச உடம்பு இருக்குங்க, நட்சத்திரம் அதுக்குப் பின்னாடி மறைஞ்சுதான் போகும். விடிவெள்ளிய நடுஜாமத்துல வரவழைக்குறாங்க. வெள்ளி சூரியனை விட்டு 48 டிகிரிக்கு மேல விலகவே விலகாது, அதனால அது சாயங்காலத்துக்கோ விடியக்காலைக்கோதான் சொந்தம். பௌர்ணமி அன்னிக்கு பால்வீதி பளபளன்னு ஓடுற கவிதையப் பத்தி நான் பேசவே விரும்பல.

உடனே 'கவிதையில லாஜிக் பாக்கலாமா'ன்னு கேப்பீங்க. நிலா பேசட்டும், அழட்டும், கிணத்துல விழுந்து எழுந்து வரட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, அது கற்பனை. பிறை எந்தப் பக்கம் வரும்னே தெரியாம எழுதுறது கற்பனையில்ல, அசால்ட்டு. காதலியோட கண்ணு என்ன நிறம்னு தெரியாம அவ கண்ணைப் பத்தி இருபது வரி எழுதுறவன நம்புவீங்களா நீங்க?

இதுல இன்னொரு கூத்து இருக்கு, பாத்து எழுதுறவங்க வரிங்கதான் உங்ககிட்ட முதல்ல வெட்டு வாங்குது. ஒரு இதழுக்கு நான் அனுப்பின கவிதையில ரோகிணி, கார்த்திகை ரெண்டையும் தூக்கிட்டு 'விண்மீன்கள்'னு பொதுவா போட்டு அச்சடிச்சாங்க, ஏன்னு கேட்டா 'ஜாதகம் மாதிரி இருக்கு'ன்னு பதில். எனக்குச் சிரிப்பும் வந்துது எரிச்சலும் வந்துது. ஏன்னா அவங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு, நம்ம மொழியில இந்தப் பேரெல்லாம் ஜாதகக் கட்டத்துக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. தன்னோட நட்சத்திரம் கேட்டைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றவங்க, விருச்சிகத்தோட நெஞ்சுல செவப்பா எரியுற கேட்டையக் காட்டச் சொன்னா முழிப்பாங்க. திருவாதிரை ஓரியன்ங்குற வேட்டைக்காரன் உருவத்தோட தோள்ல இருக்கு, சித்திரை கன்னியோட கையில இருக்கு, சுவாதி ஆரஞ்சு நிறத்துல தனியா ஜொலிக்குது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற பொருள். கட்டத்துக்குள்ள இருந்து அதுங்கள வெளிய கொண்டு வர கவிதைய விட்டா வேற யாரு இருக்கா?

நீங்க மதிக்கிற பழைய கவிதையையே சாட்சிக்குக் கூப்பிடுறேன். புறநானூறு 229, கூடலூர் கிழார் பாடினது. சேர மன்னன் ஒருத்தன் சாகப்போறான்னு வானத்துல எரிமீன் ஒண்ணு விழுந்ததைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு, சொன்ன மாதிரியே ஏழாம் நாள் அவன் செத்ததும் பாடின பாட்டு. எரிமீன் கெட்ட சகுனமான்னு நாம இங்க பட்டிமன்றம் வைக்க வேணாம், பாட்டு எப்படி ஆரம்பிக்குதுன்னு மட்டும் பாருங்க. மன்னன் பேரு வரல, அழுகை வரல. பங்குனி, முதல் பதினஞ்சு நாளுக்குள்ள, கும்மிருட்டு, நடுராத்திரி. உச்சியில இருந்த நட்சத்திரம் சாயுது, அதுக்கு எதிர்ல ஒண்ணு கிழக்குல எழும்புது, முன்னாடி வந்தது மேற்குல இறங்குது. பழைய உரைகாரர் மூணுக்கும் பேரு சொல்லியிருக்காரு, உத்தரம், மூலம், மிருகசீரிடம். இன்னிக்கும் மொட்டைமாடிக்குப் போய் செக் பண்ணலாம், உத்தரம் உச்சிக்கு வர்ற நேரத்துல மூலம் இருக்குற தேளோட வாலு கிழக்குல தூக்கும், மிருகசீரிடம் இருக்குற வேட்டைக்காரனோட தலை மேற்குல சாயும், அப்படியே பொருந்தும். கடிகாரம் இல்லாத காலத்துல ஒருத்தரு வானத்தையே கடிகாரமா வச்சு நேரம் குறிச்சிருக்காரு, அதுக்கப்புறம்தான் 'ஒரு மீன் விழுந்தன்றால் விசும்பினானே'ன்னு அந்த எரிமீன் விழுது. எனக்கு அந்த வரியில ஒவ்வொரு தடவையும் மயிர் கூச்செறியும். ஏன்னா அதுக்கு முன்னாடி எல்லாம் அது அது எடத்துல நிதானமா நகர்ந்துகிட்டு இருந்துது, நிலைச்சு நிக்குற ஒரு ஒழுங்க நமக்குக் காட்டின பிறகுதான் அவரு அதை உடைக்குறாரு. அதுக்கப்புறம் யானை தும்பிக்கைய நிலத்துல போட்டுத் தூங்குறது, முரசு தோல் கிழிஞ்சு உருளுறது, வெண்குடை கால் ஒடிஞ்சு விழுறது எல்லாமே அந்த உடைசலோட தொடர்ச்சியா வருது.

இந்தப் பாட்டு இன்னிக்கு உங்க போட்டிக்கு வந்தா முதல் எட்டு வரிய 'வானியல் பாடம்'னு வெட்டிட்டு எரிமீன்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவீங்க. இல்லன்னு நெஞ்சத் தொட்டு சொல்லுங்க பாப்போம்.

நம்ம மொழியில மட்டும்னு இல்ல. பழங்காலக் கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போ எழுதினதா சொல்லப்படுற ஒரு குட்டிக் கவிதை, நிலா இறங்கிடுச்சு, கார்த்திகைக் கூட்டமும் இறங்கிடுச்சு, நடுராத்திரி, நான் ஒத்தையில படுத்திருக்கேன், அவ்வளவுதான் விஷயம். 2016ல சில ஆராய்ச்சியாளர்கள் கார்த்திகை நடுராத்திரிக்கு முன்னாடி மறையுற காலம் எதுன்னு கணக்குப் போட்டு, அந்த ராத்திரி பனிக்காலத்தோட நடுப்பகுதிக்கும் வசந்தத்தோட தொடக்கத்துக்கும் இடையிலன்னு சொன்னாங்க. வெறும் 'விண்மீன்கள் மறைந்தன'ன்னு எழுதியிருந்தா அந்தப் பொண்ணோட தனிமைக்கு ஒரு பருவமே கெடைச்சிருக்காது.

அப்புறம் அந்தச் செத்த நட்சத்திரம். 'நீ பார்க்கும் நட்சத்திரம் எப்போதோ இறந்துவிட்டது'ன்னு முடியுற கவிதைக்கு இன்னும் எத்தனை பரிசு குடுப்பீங்க? வெறும் கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரத்துல கிட்டத்தட்ட எல்லாமே உசுரோடதான் இருக்கு. அதுங்க தூரம் பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுக்குள்ள (ஒளியாண்டுன்னா வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்), ஆயுசு பல லட்சம் வருஷத்துல இருந்து பல நூறு கோடி வருஷம், நமக்கு வெளிச்சம் வந்து சேருறதுக்குள்ள எல்லாம் செத்துப்போக சான்ஸே இல்ல. திருவாதிரை 2019 கடைசியில திடீர்னு மங்கினப்போ வெடிக்கப் போகுதுன்னு உலகமே பேசுச்சு, கடைசியில அதுவே கக்கின தூசி முன்னாடி வந்து மறைச்சுதுன்னு தெரிஞ்சுது, சில மாசத்துல பழையபடி எரிய ஆரம்பிச்சுடுச்சு.

செத்ததை விட உசுரோட இருக்குறதுல கவிதைக்கு எவ்வளவு தீனி இருக்கு பாருங்க. வானத்துலயே பிரகாசமான சிரியஸ் எட்டரை ஒளியாண்டு, சுவாதி ஏறக்குறைய 37, ரோகிணி 65. ரோகிணியில இருந்து இன்னிக்கு கண்ணுக்கு வர்ற வெளிச்சம் கெளம்பினப்போ உங்க பாட்டிக்கு என்ன வயசு, உங்க அம்மா பொறந்தாச்சா, இதை யாராவது எழுதினா நான் என் பேரைப் போட்டியில இருந்தே எடுத்துக்குறேன்.

இதை விட எனக்குப் பிடிச்சது ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட பார்வை. அவங்க நட்சத்திரத்தை மட்டும் கோத்து உருவம் பாக்கல, பால்வீதியில தூசி மறைச்சு இருட்டா கெடக்குற பட்டையையே நீளக் கழுத்து ஈமு பறவையா பாத்தாங்க. தென் அமெரிக்காவோட இன்கா மக்கள் அதே மாதிரி இருட்டுல லாமாங்குற மிருகத்தைப் பாத்தாங்க. வெளிச்சத்தைப் பத்தியே எழுதி எழுதி தேஞ்சுபோன நமக்கு இருட்டுலயே உருவம் கெடைக்குதுன்னா எவ்வளவு பெரிய விஷயம்! இதுக்கு நேர்மாறா 18ஆம் நூற்றாண்டுல லக்காய்ங்குற பிரெஞ்சு வானியலாளர் தெக்கு வானத்துல மைக்ராஸ்கோப், காத்து பம்புன்னெல்லாம் உருவம் வரைஞ்சு வச்சாரு, இன்னிக்கு இருக்குற 88 நட்சத்திர மண்டலத்துல அதுங்களும் உண்டு. காத்து பம்பு மேல யாராவது காதல் கவிதை எழுதி அனுப்பினா தயவு பண்ணி தள்ளிடாதீங்க.

நகரத்து வெளிச்சத்துல எதைப் பாக்குறதுன்னு கேப்பீங்க, உலக ஜனத்தொகையில மூணுல ஒரு பங்குக்கு பால்வீதியே தெரியறதில்லன்னு 2016ல கணக்கு எடுத்துச் சொன்னாங்க, உண்மைதான். ஆனா சிரியஸும் வேட்டைக்காரனோட இடுப்புல இருக்குற மூணு நட்சத்திரமும் கேட்டையும் தெருவிளக்கையும் மீறித் தெரியும், ஒரு கவிதைக்கு அது போதும்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டு விஷயம்தான். கவிதையில நட்சத்திரத்தோட பேரு, மாசம், திசை வந்தா 'தகவல்'னு வெட்டாதீங்க, அது அங்க வேலை செய்யுதான்னு மட்டும் பாருங்க, செய்யலன்னா தாராளமா வெட்டுங்க. அப்புறம் அடுத்த தடவை இதே தலைப்பு குடுக்குறதா இருந்தா மழைக்காலத்துல அறிவிக்காதீங்க, கடைசி தேதிய அமாவாசை முடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சு வைங்க, எழுதுறவங்களுக்கு இருட்டு வேணும்.