எனக்கென்ன, எப்படியோ இருந்துட்டுப் போறேன்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போன் பண்ணியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டுச் சுவரெல்லாம் அட்டை. நான் மாடியில் பேசினால் கீழே மருமகளுக்குக் கேட்கும், அப்புறம் உன்னிடம் பேச வேண்டியதை எல்லாம் எப்படிப் பேசுவது? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முழங்கால் பரவாயில்லை. குளிர்தான் தாங்கவில்லை. சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதில் வீட்டுச் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். நான் கூட்டுவேன், குமரன் அந்தப் பக்கம் போகும்போது குறைப்பான். ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. நேற்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “எனக்கென்னப்பா, எப்படியோ இருந்துட்டுப் போறேன்” என்றேன். அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், “மாம்மா வந்தாச்சு” என்றான். நித்யா சிரித்தாள்.

இந்த மாம்மா யார் என்று சொல்லத்தான் இவ்வளவும். போன மாதம் இங்கே நூலகத்தில் பழைய புத்தகங்களைச் சல்லிசாக விற்றார்கள். அதிலிருந்து ஒரு டாலருக்கு அட்டை கிழிந்த கார்ட்டூன் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, “உனக்குன்னே எழுதினது” என்று கையில் கொடுத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த ஊர் நாளிதழ்களில் தினமும் மூன்று நான்கு கட்டத்தில் வருமே, அந்த மாதிரித் தொடர், பெயர் ‘மாம்மா’. அம்மா என்பதைத்தான் இவர்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள். தமிழில் எழுதினால் மாமா ஆகிவிடுகிறது, அதனால் ஒரு மெய்யெழுத்தைக் கூட்டி மாம்மா ஆக்கியிருக்கிறேன். மாமாக்கள் மன்னிக்கட்டும்.

வரைந்தவர் மெல் லாசரஸ். நியூயார்க்கில் புரூக்ளின்காரர், 1927இல் பிறந்தவர். ஏற்கெனவே பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து ‘மிஸ் பீச்’ என்ற தொடரை 1957 முதல் வரைந்துகொண்டிருந்தார். மாம்மாவை ஆரம்பித்தது 1970 அக்டோபரில். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்போது அவருக்கு வயது 43. அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை மனம் திறக்க அவ்வளவு காலம் ஆகிறது போலிருக்கிறது. குமரனுக்கு 41. எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சோன்யா ஹாப்ஸ் என்று ஒரு விதவை, குள்ளமான உருவம். மூன்று பிள்ளைகள், மூவரும் வளர்ந்தவர்கள். மூத்தவன் தாமஸ் கல்யாணமானவன். அவன் மனைவி டீனா என்ன செய்தாலும் மாம்மா கண்ணுக்கு ஒரு குறை தெரியும். இன்னொருவன் பிரான்சிஸ், உருப்படியாக ஒரு வேலையில் நிற்காதவன், கையில் காசு தங்காது, பெண்கள் பின்னால் சுற்றுவான். அம்மாவுக்கு அவன்மேல்தான் உயிர், அதனால் அதிகத் திட்டும் அவனுக்குத்தான். மகள் மேரிலூ. அவள் அழைத்துவரும் பையன்களில் ஒருவனையாவது மாம்மாவுக்குப் பிடிக்க வேண்டுமே! உன் வீட்டுச் செய்தியை உனக்கே சொல்வது மாதிரி இருக்கிறதா? கொஞ்சம் பொறு.

நான் வியந்தது அவருடைய ஆயுதத்தைப் பார்த்துத்தான். மாம்மா கட்டளை போடுபவர் இல்லை. தியாகம் செய்பவர். நீ சந்தோஷமாக இருந்தால் போதும் என்பார், அந்த ‘போதும்’ என்ற சொல்லிலேயே பிள்ளை சுருண்டு போவான். எதிர்த்துப் பேச ஒரு கைப்பிடி கிடைத்தால்தானே பேசுவதற்கு? முதல் கட்டத்தில் பிள்ளை நிம்மதியாக உள்ளே வருவான், கடைசிக் கட்டத்தில் குற்றவாளியாக நிற்பான். நடுவில் நடந்தது இரண்டே வாக்கியம். சினிமாவுக்கு மூன்று மணி நேரம் வேண்டும், நாவலுக்கு முந்நூறு பக்கம் வேண்டும். லாசரஸுக்குக் காப்பி டம்ளர் வைக்கிற அகலத்தில் நாலு கட்டம் போதும். படத்திலும் ஆடம்பரம் கிடையாது. நாற்காலி, ஒரு கதவு, குறைந்த கோடுகளில் இரண்டு பேர், மிச்சமெல்லாம் பேச்சு. 1981க்கான ரூபன் விருது கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கார்ட்டூன்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வதில் பெரியது அதுதான்.

சரி, இந்த மாம்மா நிஜத்தில் யார் என்று எல்லோரும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். என் அம்மாதான் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தொடரைப் பார்த்ததும் என்ன செய்தாராம் தெரியுமா? தன் சகோதரிக்குப் போன் போட்டு, ‘மெல் உன்னை அப்படியே பிடிச்சிட்டான்’ என்றாராம். லாசரஸே சொல்லிச் சிரிக்கும் கதை இது. நானும் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது, புத்தகம் முழுக்க நான் பக்கத்துக்குப் பக்கம் நினைத்துக்கொண்டு வந்தது உன்னைத்தான். “ஐயோ, நம்ம சரோவேதான்!” என்று நித்யாவிடம் இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன். அவள் “ஆமாம் அத்தை” என்றாள். அந்த ஆமாம் எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. தினசரித் தொடரில் யாருக்கும் வயதாவதில்லை. கிட்டத்தட்ட 46 வருடம் மேரிலூவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிரான்சிஸுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை, மாம்மாவுக்கு முழங்கால் வலி கூடி யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது சொர்க்கமா, தண்டனையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பெண் வித்யாவுக்கு மாப்பிள்ளை தேடும் கவலை 46 வருடம் இருந்தால் நீ என்ன ஆவாய் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனால் வரைகிறவருக்கு வயதாகத்தானே செய்யும். 2016 மே 24ஆம் தேதி லாசரஸ் இறந்தார், 89 வயது. தொடர் நின்றது ஜூலை 10ஆம் தேதி. இந்தக் கார்ட்டூன்காரர்கள் பல வாரம் முன்னாலேயே வரைந்து கொடுத்துவிடுவார்களாம், ஊறுகாய் போட்டு வைப்பது மாதிரி. மகன் போன பிறகும் ஆறேழு வாரம் அந்த அம்மா தினமும் காலையில் வந்து பிள்ளைகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் தேதிகளைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

குமரன் வாங்கிவந்ததற்குப் பதில் அடி கொடுக்க நித்யா இன்னொரு தொடரின் பெயரைச் சொன்னாள், ‘கேத்தி’. “இது மகள் வரைஞ்சது அத்தை, அதுல நியாயம் இருக்கும்” என்றாள். கேத்தி கைஸ்வைட் மிச்சிகனில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தன் காதல் தோல்வி, தின்ற கேக், ஏறிய எடை எல்லாவற்றையும் கிறுக்குப் படமாக வரைந்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நம் வீடாக இருந்தால் அதையெல்லாம் மடித்துப் பீரோவுக்குள் பூட்டியிருப்போம், வெளியே தெரிந்தால் வரன் வருமா! அந்த அம்மாவோ இதைப் பத்திரிகைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றிருக்கிறார். 1976 நவம்பரில் தொடர் ஆரம்பமானது, கதாநாயகிக்கும் கேத்தி என்றே பெயர். அம்மாவுக்குக் கிடைத்த பரிசு, 34 வருடம் தன் சொந்தப் பெயரிலேயே, ஆன் என்ற பெயரிலேயே, ஊர் சிரிக்கப் பாத்திரமாக வந்தது.

இந்தத் தொடரில் கேத்தியின் வாழ்க்கையை ஆட்டிவைக்கும் குற்றவுணர்ச்சி நான்கு வகை: சாப்பாடு, காதல், அம்மா, வேலை. இங்கே பள்ளிக்கூடத்தில் முன்பெல்லாம் சத்துணவை நாலு வகையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்களாம், அதைக் கிண்டல் பண்ணித்தான் இந்த நாலு. அம்மாவைச் சாப்பாட்டுக்கும் வேலைக்கும் நடுவில் போட்டதை நான் ரசித்தேன். லாசரஸின் மாம்மா எதிரே நின்று தாக்குகிறவர். கேத்தியின் அம்மா அப்படி இல்லை, மகளுக்கு உள்ளேயே குடியிருப்பவர். அம்மா மாதிரி ஆகிவிடக்கூடாது என்று அவள் பயப்படுகிற ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் அம்மாவாகிக்கொண்டே வருகிறாள். “ஆக்!” என்று ஒரு அலறல், அதுதான் அவள் முத்திரை. நம்மூர் ‘ஐயோ’வுக்குச் சமம். 2005இல் ஒருவழியாக அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், கார்ட்டூனில் ஆன் அம்மா எத்தனை வருடம் காத்திருந்தார் என்று நீயே எண்ணிக்கொள். 2010 அக்டோபர் 3ஆம் தேதி கடைசிப் படத்தில் கேத்தி கர்ப்பமாக இருக்கிறாள், பெண் குழந்தை. பழிவாங்கல் என்றால் இதுவல்லவா! தொடரை நிறுத்தும்போது கைஸ்வைட் சொன்ன காரணங்களில் ஒன்று, மகளோடும் வயதான பெற்றோரோடும் இருக்க நேரம் வேண்டும் என்பது.

நம் வாரப் பத்திரிகைகளில் இப்படி ஒன்று ஏன் வரவில்லை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். மாமியார் ஜோக் மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது, பூரிக்கட்டையோடு. அம்மா ஜோக் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டும் ஒரே பொம்பளைதானே, சரோ? மகன் பக்கம் நின்று பார்த்தால் தெய்வம், மருமகள் பக்கம் நின்று பார்த்தால் ஜோக். நம் ஆண்களுக்கு அம்மாவைப் பார்த்துச் சிரிக்கத் தைரியம் இல்லை, அந்த வேலையையும் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டார்கள். லாசரஸ் அந்த ஒரு விஷயத்தில் ஒழுங்கு. மருமகளைச் சாக்கு வைக்காமல் தானே நேராக நின்று சிரித்தார். குமரன் என்னை மாம்மா என்று கூப்பிட்டபோது முதலில் சுருக்கென்றது. அப்புறம், அவன் அதை நித்யாவிடம் முணுமுணுக்காமல் என் முகத்துக்கு நேராகச் சொன்னானே என்று தோன்றியது. இதை அவனிடம் சொல்லிவிடாதே, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வித்யா போனை எடுப்பதில்லை என்று இரண்டு பக்கம் அழுதிருக்கிறாய். ராத்திரி ஒன்பது மணிக்கு “சாப்பிட்டியா”, ஒன்பதரைக்கு “என்ன சாப்பிட்டே”, பத்துக்கு “அது மட்டும்தானா” என்று கேட்டால் யார்தான் எடுப்பார்கள்? 34 வயதுப் பெண், பெங்களூரில் தன் காலில் நிற்கிறாள். ஒரு வாரம் விட்டுப்பிடி. நான் குமரன் காலேஜ் போனபோது விட்டுப்பிடித்தேன், மூன்று நாள். அப்புறம் ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டது வேறு கதை.

ஏப்ரல் கடைசியில் திரும்புகிறேன். மருந்து வேளாவேளைக்கு எடுத்துக்கொள்கிறாயா? பின்கட்டில் பாசி வழுக்கும், மழை நாளில் அந்தப் பக்கம் போகாதே. பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொள்ளாதே, எனக்கென்ன, நான் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

உன்
ராஜி

பி.கு.: மாம்மாவின் ஒரு பக்கத்தை நகல் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். உன்னை அப்படியே பிடித்திருக்கிறார் பார். படித்ததும் உன் நாத்தனார் ஞாபகம்தான் வரும், எனக்குத் தெரியும். அவருக்கு அனுப்பிவிடாதே, எனக்குத் திருப்பி வேண்டும்.