கிரவுன் ஹைப்ரிட் வாங்குமுன் பின்சீட்டின் ஓரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டொயோட்டா கிரவுன் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, மெத்தென்ற சீட்டையும் சத்தமில்லாத ஓட்டத்தையும் சரியாகவே சொன்னது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் பக்கம் வந்ததும் ‘லிட்டருக்கு 23.2 கிலோமீட்டர்’ என்பதோடு நின்றுவிட்டது. 2012 டிசம்பரில் வந்த மாடலுக்கு ஜப்பானியச் சோதனைக்கூடம் தந்த கணக்கு அது. அதே காரின் 2.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) பெட்ரோல் எஞ்சினுக்கு 11.4. நம் சாலையில் இரண்டுமே குறையும்.

ரங்கூன் நெரிசலில் ஹைப்ரிட்டுக்கு உண்மையிலேயே லாபம் உண்டு. நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும், ஏசி பேட்டரியில் ஓடும். மண்டலே நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த லாபம் வெகுவாகக் கரைந்துவிடும். பிளக்கில் சார்ஜ் போட வேண்டியதில்லை, மின்வெட்டைப் பற்றிக் கவலை இல்லை. (வலது ஸ்டியரிங்கோடு முந்தும் சிரமத்தை இந்தக் கார் தலையில் கட்ட வேண்டாம். 1970-ல் நம் நாடு சாலையின் வலப்பக்க ஓட்டத்துக்கு மாறியது முதல் நம் எல்லார் தலையெழுத்தும் அதுதான்.)

பார்க்க வேண்டியது பேட்டரியை. பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, டிக்கி சிறுத்துப்போவதும் அதனால்தான். அதைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டின் ஓரத்துத் துவாரம் வழியாகவே போகிறது. லேஸ் உறையும் பையும் அதை மூடிவிடும். உள்ளே ஃபேனில் தூசியும் முடியும் கம்பளி மாதிரி படியும். பேட்டரி சூடேறும், செல்கள் ஒன்றுக்கொன்று ஏறுமாறாகத் தேயும், கடைசியில் பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 (P0A80) என்ற பழுதுக் குறியீடு காரின் கணினியில் வரும். பலர் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு விற்கிறார்கள். அதனால் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டே காரை ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பேட்டரியின் ஒரு பிளாக் (செல் தொகுதி) மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஸ்கேனர் இல்லையென்றால் ஏசியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நிற்கவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஓடி அணைந்தாலும் அதே சந்தேகம்தான்.

அடுத்து டிக்கிக் கம்பளத்தைத் தூக்குங்கள். மழைக்கால வெள்ளம் புகுந்த காரென்றால் போல்ட்டுகளில் துருவும் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் முனைகளில் பச்சைப் படலமும் தெரியும். அந்தக் காரைத் தொடவே வேண்டாம். ஆரஞ்சு ஒயரில் கைவைப்பது ஹைப்ரிட் படித்த மெக்கானிக்கின் வேலை.

ஏசியில் ஒரு பொறி உண்டு. இதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் சுற்றுவது. அதற்கான என்டி-11 (ND-11) எண்ணெய்க்குப் பதில் கடையில் கிடைக்கும் சாதாரண பேக் (PAG) ஏசி எண்ணெயை ஊற்றினால் மின்காப்பு கெட்டு, டாஷ்போர்டில் ‘ரெடி’ விளக்கு வராமல் கார் கிளம்பாமலே போகலாம். ‘ரெடி’ வராததற்கெல்லாம் பெரிய பேட்டரியைக் குறை சொல்லவும் கூடாது; டிக்கியில் உள்ள 12 வோல்ட் பேட்டரி இறங்கினாலும் இதே கதைதான்.

ஸ்கேனர் மாட்ட விடாத வியாபாரியிடம் பெட்ரோல் வி6 இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மெக்கானிக்குகள் இருவர்,
ரங்கூன்