நம்ம லேப் பேட்ச்சுக்கு ஒரு பெரிய தேங்க்ஸ்

ரெக்கார்டுல கையெழுத்து வாங்கியாச்சு, பிராக்டிகல் எக்ஸாமும் முடிஞ்சிருச்சு, இப்பவாச்சும் சொல்லிடணும்ல. பேர் போடல, யாரைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல மேடம். ஒருத்தரே எப்பவும் ரீடிங் எடுக்க, இன்னொருத்தர் எழுத, மீதி ரெண்டு பேர் வேடிக்கை பாக்க, அதெல்லாம் நடக்காதுன்னு வாராவாரம் ஆள மாத்தி விட்டீங்க, அப்ப செம கடுப்பு தான், ஆனா வைவால (வாய்மொழித் தேர்வுல) எங்க நாலு பேர்ல யாரக் கேட்டாலும் பதில் வந்துச்சுன்னா அதுக்கு நீங்க தான் காரணம்.

அப்புறம் எங்க கேள்வி மன்னனுக்கு. நியூட்டன் ரிங்ஸ் (கண்ணாடித் தட்டு மேல லென்ஸ வச்சா தெரியுற வளையங்கள அளந்து ஒளியோட அலைநீளம் கண்டுபிடிக்கிற எக்ஸ்பெரிமென்ட்) அன்னைக்கு சோடியம் லேம்ப் வெளிச்சத்துல மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சுட்டு இருக்கேன், நடுவுல ஒரே கலங்கல், எது முதல் ரிங்னே பிடிபடல, எதையாச்சும் ஒண்ணுன்னு வச்சுக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க, நீ மட்டும் "ஒரு ரிங் தள்ளி எண்ணினா ஆன்சர் மாறுமாடா"ன்னு கேட்ட பாரு! அதுக்கப்புறம் வேலையே ஓடல, ஒரே சண்டை. கடைசில கிராப் ஷீட்ல தான் தீர்ந்துச்சு: விட்டத்தோட வர்க்கத்த ரிங் நம்பருக்கு எதிரா போட்டா நேர்கோடு, நம்பர் ஒண்ணு மாறினா கோடு அப்படியே நகரும், சாய்வு மாறாது, நமக்கு வேண்டியதோ சாய்வு தான், அதுல தான 4Rλ (R லென்ஸோட வளைவு ஆரம், λ அலைநீளம்) இருக்கு. மேனுவல்ல சோடியம் வெளிச்சத்தோட அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம்னு போட்டிருக்கத பாத்து விடைய அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா இது மண்டைல ஏறியே இருக்காது.

லேப் அசிஸ்டன்ட் அண்ணா, "ஸ்க்ரூவ ஒரே பக்கமா திருப்புப்பா, பின்னாடி வந்தா பேக்லாஷ் வரும், மரை லூஸா சுத்தி ரீடிங் தப்பாயிடும்"னு எத்தன தடவ சொன்னீங்களோ, சலிக்காம சொன்னதுக்கு நன்றிண்ணா.

பக்கத்து டேபிள்காரங்களுக்கும் தான். டைட்ரேஷன்ல (ஒரு கரைசல சொட்டு சொட்டா விட்டு இன்னொண்ணோட அளவ கண்டுபிடிக்கிறதுல) வந்த வேல்யூவ மறைச்சு வைக்காம போர்டுல எழுதினீங்க, எல்லாரோடதும் வரிசையா நின்னப்ப ஒரு டேபிளோடது மட்டும் தனியா தெரிஞ்சுது, போய்ப் பாத்தா பியூரெட் (ஆசிட் சொட்டு விடுற அளவுக் குழாய்) நுனில காத்துக்குமிழி! அது வெளிய போன எடத்துல ஆசிட் நிரம்புனதும் கணக்குல சேர்ந்திருச்சு. தனியா உக்காந்து பண்ணியிருந்தா கண்டுபிடிச்சிருக்கவே முடியாது.

அடுத்த செம் ப்ராஜெக்டுக்கும் இதே குரூப்னு பேர் குடுத்துட்டேன், யாரும் மறுப்பு சொல்லப்படாது.