தொப்பூர் இறக்கமும் நூர்பர்க்ரிங் வளைவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. சங்ககிரியில் எல்லாரும் சௌக்கியம். மழை இல்லை, வெயில்தான்.

போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாய், "அந்த லாரி ரேஸ் உங்களுக்குப் பிடிக்கவே இல்லையாப்பா, நடுவுல எழுந்து கத்தினீங்க, அப்புறம் வீடு வர்ற வரைக்கும் வாயே திறக்கலையே" என்று. மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து, ஜெர்மனியில் உங்கள் கோப்லென்ஸிலிருந்து அந்த மலைக்காட்டு வழியாக நூர்பர்க்ரிங் ரேஸ் மைதானத்துக்குக் கூட்டிப் போனாரே, அவர் மனசு சங்கடப்பட்டிருக்குமோ என்று உனக்குக் கவலை. பிடித்தது கண்ணு. ரொம்பப் பிடித்தது. போனில் சொல்ல வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவனுக்கு லாரி ரேஸில் என்ன புதுசு இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் வந்தேன். பின்னால் டிரெய்லர் கிடையாது, வெறும் தலை மட்டும். சரி, லோடு இல்லாத வண்டியை விரட்டுவது ஒரு வித்தையா என்று உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு கார் போக, இரண்டிரண்டு வண்டியாக மெதுவாக உருண்டு வந்தார்கள். விளக்கு மாறியதும் ஒரே சமயத்தில் மிதித்தார்கள் பார், சத்தம் காதுக்கு வரும் முன்னாலேயே உட்கார்ந்திருந்த பலகை நடுங்கியது. நான் முதலில் ஓட்டிய வண்டி 130 குதிரைசக்தி. அதில் 10 டன் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் பக்கத்தில் நடந்து போகிறவன் முந்திவிடுவான். இது 1000 குதிரைக்கு மேல். எடை 5 டன்னைத் தாண்டுகிறது, ஆனாலும் கார் மாதிரி கிளம்புகிறது. நம்மூரில் கரும்புகை கக்கினால் வண்டி நல்லா இழுக்கிறது என்போம். அங்கே புகை தெரிந்தால் தண்டனையாம்.

அதைவிட என்னை நிமிர வைத்தது மாப்பிள்ளை சொன்ன ஒரு விஷயம். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக் கூடாது. எவ்வளவு பெரிய இன்ஜின் இருந்தாலும் அதோடு சரி. நேர் ரோட்டில் எல்லாரும் ஒன்று என்றால் எங்கேதான் முந்துவது? வளைவுக்கு முன்னால் யார் கடைசியாக பிரேக் மிதிக்கிறானோ அவன் முந்துவான். வேகமாகப் போகிற ரேஸ் என்று பார்க்க வந்தால், நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் பரிசு. அதற்கப்புறம் நான் வண்டியைப் பார்க்கவில்லை, சக்கரத்தைத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் ஒரு வண்டியின் முன் சக்கரத்திலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாக எழும்பியது. "பிரேக் போச்சு, பிரேக் போச்சு" என்று நான் எழுந்து மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தது அதற்குத்தான். அவர் சிரித்துக்கொண்டே, அது நீராவி மாமா, 200 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் பிரேக் டிஸ்க்மேல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள் என்றார். இல்லாவிட்டால் அத்தனை எடையை ஒவ்வொரு வளைவிலும் பிடித்துப் பிடித்து டிஸ்க் பழுத்துவிடுமாம்.

நீ பிறந்த மாசம், 1996. நாசிக்கில் வெங்காயம் ஏற்றி சேலம் வருகிறேன். டீசல் மிச்சம் பிடித்தால் படியில் கூட்டித் தருவேன் என்று ஓனர் சொல்லியிருந்தார். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடாகி, லைனிங் கருகுகிற வாசம் கேபினுக்குள்ளேயே வந்துவிட்டது. பிரேக் காற்றழுத்தம் காட்டும் ஏர் முள் இறங்கிக்கொண்டே போகிறது. கிளீனர் பையன் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தான், சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். ரேஸ் கொடுத்து, டபுள் கிளட்ச் போட்டு, எப்படியோ மூன்றாம் கியர் விழுந்தது. இடது பக்க மண்மேட்டில் உரசி உரசி நின்றோம். பயத்தில் பையன் தண்ணீர் வாளியை எடுத்து டிரம்மில் ஊற்றினான். புஸ்ஸென்று அதே வெள்ளை ஆவி. டிரம் இரண்டாகப் பிளந்தது. பழுத்த இரும்பில் சட்டென்று தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அன்றைக்குத்தான் அவன் கற்றுக்கொண்டான். இவர்கள் இரும்பைப் பழுக்கவே விடாமல் முதலிலிருந்தே தெளிக்கிறார்கள். திரும்பி வரும்போது காரில் நான் யோசித்துக்கொண்டிருந்தது அதைத்தான். தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் 2014-இலிருந்து டாடா லாரிகளை வைத்து இப்படி ரேஸ் நடத்தினார்கள். முதல் இரண்டு வருஷம் ஓட்டியது எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். 2016-இல் நம் டிரைவர்களுக்கும் பயிற்சி கொடுத்து ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். ரோட்டில் லோடு அடித்தவர்கள் ரேஸ் உடுப்பு போட்டு நின்றதை டிவியில் பார்த்தபோது, எனக்கு ஒரு பதினைந்து வயசு குறைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஆறு தடவை ஐரோப்பிய சாம்பியன் ஆன யோஹன் ஹானைப் பற்றி மாப்பிள்ளை சொன்னார். அவர் அப்பாவும் லாரி ரேஸ்காரராம், இப்போது மகனும் ஓட்டுகிறானாம். ஸ்டெஃபி ஹால்ம் என்று ஒரு பெண் இதே போட்டியில் ஆண்களை முந்தி ஜெயித்திருக்கிறாள் என்றதும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பத்தாவது லீவில் ஸ்டியரிங் பிடிக்கக் கேட்டாய், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்றேன். ஞாபகம் இருக்கிறது பாப்பா. அதனால்தான் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்கம்மா இரண்டு கிலோ பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் வரும். தொப்பூர் விஷயத்தை அவளிடம் மூச்சு விடாதே. எருமை குறுக்கே வந்து வண்டி உரசிவிட்டது என்றுதான் இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா