தலைத்தோலைப் பற்றியும் எங்களிடம் சொல்லுங்கள்

வன்னி வைத்தியசாலைகளில் தீக்காயம் பார்க்கும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் பெறாமகளுக்கு, அதாவது தங்கச்சியின் மகளுக்கு, நான்கு வயதில் குப்பி விளக்கு சரிந்து நெஞ்சும் கையும் எரிந்தன. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டியது பிடித்தது, பிள்ளை பிழைத்தாள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் அந்தக் கிழமைகளில் அவள் அழுதது பெரும்பாலும் தொடைக்காகத்தான். கட்டு மாற்றும் வண்டில் வார்ட்டுக்குள் வரும் சத்தம் கேட்டாலே காலை மடக்கிக்கொள்வாள்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. நெஞ்சுத் தழும்பைச் சட்டை மறைக்கிறது. தொடையிலோ கறுத்துத் தடித்த ஒரு சதுரம். விளையாட்டுப் போட்டிக்குக் காற்சட்டை போடமாட்டேன் என்கிறாள். எரியாத இடத்தில் ஏன் தழும்பு என்று ஒருநாள் கேட்டாள். தங்கச்சி ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

பிறகு வேறோர் இடத்தில், தலையில் கட்டுப் போட்ட பையன் ஒருவனைக் கண்டேன். மண்டையில் அடிபட்டதாக்கும் என்று தாயிடம் கேட்டேன். "இல்லை அக்கா, கன்னத்துக்குத் தலையில இருந்து தோல் எடுத்தவை" என்றாள். அடுத்த கிளினிக்கில் பார்த்தபோது கட்டு இல்லை. தலை முழுக்க எள்ளுப்போல மயிர் முளைத்திருந்தது. எங்கே எடுத்தார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன்பிறகுதான் விசாரித்தும் வாசித்தும் அறிந்தேன். தலைத்தோல் தடித்தது, இரத்த ஓட்டம் நிறைந்தது. எடுப்பது மேலே ஒரு மெல்லிய படலம் மட்டும், கால் மில்லிமீற்றர் அளவில். மயிர்க்கால்களின் வேர் அடியில் அப்படியே இருக்கும். அங்கிருந்தே புதுத்தோல் பரவி மூடுவதால் பெரும்பாலும் ஒரு கிழமை, பத்து நாளில் ஆறிவிடுகிறது. தொடைக்கு இரண்டு கிழமையும் ஆகலாம். ஆறிய பிறகு அதே இடத்தில் திரும்பவும் எடுக்கலாம். உடம்பில் நிறைய எரிந்து, எடுக்க வேறு தோல் இல்லாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! முகத்தில் ஒட்டும்போது நிறமும் தொடைத்தோலைவிட நன்றாகப் பொருந்துகிறது. குழந்தைகளுக்கு உடம்போடு பார்க்கத் தலை பெரிது, அதனால் தோல் எடுக்கவும் இடம் அதிகம். ஒரு வயதுக்குள் தலையும் முகமும் சேர்ந்து உடம்பின் பரப்பில் ஏறத்தாழ 19 வீதம், வளர்ந்தவர்களுக்கு 7 வீதம்தான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதும் தெரியும். தலையே எரிந்திருந்தால் முடியாது. இரத்தம் அதிகம் போகும் இடம், அதனால் இரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் மருந்து கலந்த சேலைனைத் தோலுக்கடியில் ஏற்றிவிட்டு எடுக்கிறார்கள். ஆழமாக வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் மயிர் முளைக்காமல் போகலாம், ஒட்டிய இடத்தில் மயிர் முளைக்கவும் கூடும். சில வேளை மயிர்க்கால்களில் சீழ் பிடிக்கும். எங்கே எடுப்பது என்ற முடிவு உங்களுடையது, அதில் நான் தலையிடவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் கவலை.

பெண்பிள்ளைக்கு மொட்டை அடிக்கச் சனம் விடாது என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறீர்களோ தெரியாது. பிள்ளைக்குச் சுகம் வந்தால் மொட்டை அடிக்கிறோம் என்று அம்மனுக்கு நேர்த்தி வைக்கிற சனம் நாங்கள். மயிர் திரும்ப வளரும் என்று தெளிவாகச் சொன்னால் எந்தத் தாய் மறுப்பாள்? போர் முடிந்த 2009க்குப் பிறகு தழும்புள்ள உடம்புகள் எங்கள் ஊர்களில் நிறைய. அதற்காக இன்னொரு தழும்பு எங்களுக்குப் பெரிதில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பெரிதுதான்.

ஒப்பம் வாங்க முதல் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். தொடையில் எடுத்தால் என்ன, தலையில் எடுத்தால் என்ன என்று இரண்டையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் பிள்ளை என்றால், அம்புலன்சில் ஏற்ற முன்னமே சொல்லிவிடுங்கள். அங்கே போய்க் கேட்க எங்களுக்கு ஒரு சொல்லாவது கையில் இருக்கும். மழிக்கும்போது தாயைப் பக்கத்தில் நிற்க விடுங்கள். நெற்றியோர மயிர்க்கோட்டை முதலில் குறித்துக்காட்டி, அதைத் தாண்டி எடுக்கமாட்டோம் என்று சொல்லுங்கள். இன்னொன்று, மழித்த கூந்தலைக் குப்பைக்கூடையில் போடாமல் ஒரு பையில் சுற்றித் தாயிடம் கொடுங்கள். சிலர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள்.

பயந்துபோயிருக்கும் தாய்மாரோடு இருந்து பேச ஆள் வேண்டுமென்றால் தங்கச்சி வருவதாகச் சொல்கிறாள். தொடையில் எடுத்தால் அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் நானும் கூட வருவேன்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா