பிராந்திய ராணுவத்தில் சேருமுன் நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராந்திய ராணுவம் (Territorial Army) என்பது, வேறு வேலையில் இருப்பவர்கள் பகுதி நேரமாகப் பணியாற்றும் ராணுவப் பிரிவு. அதன் அதிகாரிப் பணிக்கு அறிவிப்பு வரும்போதெல்லாம் வயது 18 முதல் 42 வரை, ஏதேனும் ஒரு பட்டப்படிப்பு, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று நாளிதழ்களில் விவரம் வருகிறது. விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இருந்து சம்பாதிப்பவராக இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கும். அந்த வேலையைக் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் இதை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தைகூட இருப்பதில்லை. தேர்வில் தேறியவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

முதலில் நாட்கணக்கு. “வருஷத்துக்கு இரண்டு மாதம் முகாம், அவ்வளவுதான் சார்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுச் சேர்கிறார்கள். அது அரைகுறைக் கணக்கு. அதிகாரியாகச் சேர்பவருக்கு முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி உண்டு. இரண்டு மாத ஆண்டு முகாம் முதல் ஆண்டிலிருந்தே தொடங்கிவிடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் மூன்று மாதப் பயிற்சியையும் முடித்தாக வேண்டும். கூட்டினால் முதல் 24 மாதங்களில் 8 மாதம் அலுவலகத்தில் இருக்க முடியாது. மூன்றாம் ஆண்டிலிருந்துதான் அந்த ‘இரண்டு மாதம்’ என்ற கணக்கு பொருந்தும். அதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. தேவைப்பட்டால் நீண்ட காலப் பணிக்கு அழைக்கலாம் என்று சேர்க்கை அறிவிப்பிலேயே இருக்கிறது. 2025 மே மாதம், பிராந்திய ராணுவத்தின் அதிகாரிகளையும் வீரர்களையும் அழைத்துக்கொள்ளத் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் அளித்தது. இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களைப் பணியில் இறக்க அந்த உத்தரவு வழி செய்தது. அதன் காலம் 2028 பிப்ரவரி 9 வரை. ஆகவே மேலாளரிடம் “இரண்டு மாதத்துக்கு மேல் போகாது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்றுவது உங்கள் கையில் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் முதல் பேச்சிலேயே தீர்த்துவிட வேண்டும். தோனி, மோகன்லால் ஆகியோருக்குப் பிராந்திய ராணுவத்தில் கொடுத்தது கௌரவப் பதவி. சீருடையில் அவர்கள் இருக்கும் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய மனிதவளத் துறையினர் பலர், இதுவும் பட்டம் வாங்குவது போன்ற ஒன்று என்றே நினைக்கிறார்கள். தேர்வு எழுதிச் சேர்பவர் லெப்டினன்ட் ஆகப் பணியேற்கிறார். அழைக்கப்பட்ட காலத்தில் வழக்கமான ராணுவ அதிகாரிக்குரிய சம்பளமும் கடமையும் அவருக்கு உண்டு, ராணுவச் சட்டமும் பொருந்தும். மற்ற நாட்களில் அங்கிருந்து சம்பளம் கிடையாது. பிழைப்பு நிறுவனத்தை நம்பித்தான்.

எப்போது சொல்வது? விண்ணப்பத்தை நிரப்பும்போதே சொல்லிவிடுங்கள். தேர்வு முடிவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தேர்வு நடைமுறையில் நிறுவனத் தலைவரோ துறைத் தலைவரோ கையெழுத்திட்டு முத்திரை வைத்த பணிச் சான்றும் ஆட்சேபணையின்மைச் சான்றும் தேவைப்படும். பெரிய நிறுவனத்தில் அந்த ஒரு தாள் மனிதவளம், சட்டப் பிரிவு, தலைமை அலுவலகம் என்று சுற்றி வரவே வாரக்கணக்கில் ஆகும். நேர்காணல் தேதி அதற்காகக் காத்திருக்காது. முதலில் நேரடி மேலாளரிடம் வாயால் சொல்லி, அன்றே அவருக்கும் மனிதவளத் துறைக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மேலாளர் மாறிப் போனாலும் அந்த மின்னஞ்சல் இருக்கும்.

அதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு சம்பளப் பணி ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை இப்போது பல கடிதங்களில் இருக்கிறது. பிராந்திய ராணுவமும் சம்பளம் தரும் பணிதான். அந்த நிபந்தனையிலிருந்து இதற்கு விலக்கு அளிப்பதாக ஒரு வரி வாங்கிக்கொள்ளாவிட்டால், பிறகு மனத்தாங்கல் வரும்போது அதையே எடுத்து நீட்டுவார்கள்.

சான்றின் வாசகம் விஷயத்தில்தான் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். பொதுவாகத் தட்டச்சு செய்து தருவது, “இவர் பிராந்திய ராணுவத்துக்கு விண்ணப்பிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை” என்ற ஒற்றை வாக்கியம். விண்ணப்பிக்கத்தான் அதில் சம்மதம் இருக்கிறது, அனுப்பி வைக்க இல்லை. முகாமுக்கு அழைப்பு வந்ததும், “விண்ணப்பம் போடத்தானே கொடுத்தோம்” என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. தேர்வுக்கான சான்றை ராணுவம் கொடுத்த மாதிரிப்படியே வாங்குங்கள், அதில் கை வைக்க வேண்டாம். அதோடு நிறுவனத்துக்குள் செல்லுபடியாகும் இரண்டாவது கடிதம் ஒன்றும் கேளுங்கள்: “பயிற்சிக்கும் ராணுவப் பணிக்கும் அழைக்கப்படும்போது இவரை விடுவிப்போம். அந்த நாட்கள் அனுமதிக்கப்பட்ட விடுப்பாகப் பதிவாகும். திரும்பியதும் அதே நிலையில் பணியில் சேர்த்துக்கொள்வோம்.” இந்த மூன்று வாக்கியம் போதும்.

‘அனுமதிக்கப்பட்ட விடுப்பு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வருகைப் பதிவு மென்பொருளில் இதற்கென்று விடுப்பு வகை இல்லாத நிறுவனங்களில் அந்த நாட்கள் ‘அனுமதியின்றி வராதவை’ என்று விழுந்துவிடும். விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பாதவர் பணியுரிமையை இழப்பார் என்ற விதி பல ஆலைகளின் நிலையாணைகளில் (ஆலையின் பணி விதிகளில்) உண்டு. ஐந்து ஆண்டு தொடர்ச்சியைக் கேட்கும் பணிக்கொடைக்கும் இந்தப் பதிவு வில்லங்கம் ஆகலாம். நாட்டுக்காகப் போனவருக்கு ஓடிப்போனவர் என்று பெயர் வரக் கூடாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டம், 7ஏ பிரிவு: ராணுவப் பணி முடிந்து வருபவரை, பணி தடைப்படாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் நிலையை விடக் குறையாத நிலையில் மீண்டும் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. மறுத்தால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். அவர் மீண்டும் சேர்க்கச் சொல்லலாம், ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு தரச் சொல்லலாம், நியாயமான காரணம் இருந்தால் முதலாளிக்கு விலக்கும் தரலாம். அழைப்பு உத்தரவு வந்த பிறகு வேலையை விட்டு நீக்கினால், இந்தக் கடமையிலிருந்து தப்பவே நீக்கியதாகச் சட்டம் கருதும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. 7பி பிரிவு வருங்கால வைப்பு நிதி உரிமையைக் காக்கிறது.

ஒரே ஒரு கெடு உண்டு: பணி முடிந்த இரண்டு மாதத்துக்குள் திரும்பச் சேர விண்ணப்பிக்கவில்லை என்றால், அதையே முதலாளி தன் வாதமாக வைக்கலாம். ராணுவத்தின் விடுவிப்புச் சான்று கைக்கு வந்த வாரமே அதன் நகலோடு, மீண்டும் பணியில் சேர்வதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட முத்திரை வாங்கிவிடுங்கள். ஆனாலும் சட்டப் பிரிவை முதல் சந்திப்பிலேயே மேசை மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது கடைசிக் கருவி. முதலில் எடுத்துப் போக வேண்டியது, அடுத்த இரண்டு ஆண்டுக்கான உத்தேச நாட்களும், நீங்கள் இல்லாதபோது எந்த வேலையை யார் பார்ப்பார் என்ற ஒரு பக்கத் திட்டமும்தான். பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு ஒருவர் மூன்று மாதம் இல்லாமல் போவது நிஜமான சுமை. அதை ஒப்புக்கொண்டு பேசுபவருக்குத்தான் கதவு திறக்கும்.

பண விஷயம் சுருக்கமாக. முகாம் காலத்தில் குடும்பத்தின் குழு மருத்துவக் காப்பீடு தொடருமா, குழு ஆயுள் காப்பீட்டில் போர்க்காலச் சாவுக்கு விலக்கு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். முதல் ராணுவச் சம்பளம் கணக்கில் ஏறத் தாமதமாகலாம், கடன் தவணைக்கு இரண்டு மாதத் தொகையைத் தனியே வையுங்கள். இரண்டு இடத்துச் சம்பளத்துக்கும் தனித்தனியே வரி விலக்கு வரம்பைக் கணக்கிட்டுவிட்டால் ஆண்டு முடிவில் வரி பாக்கி நிற்கும். எந்த இடத்துக்குப் போகிறீர்கள், அங்கே என்ன பணி என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்லக் கூடாது. போகும் தேதி, வரும் தேதி போதும்.

சட்டத்தை மீறும் முதலாளிக்கு அதில் சொல்லப்பட்ட அபராதம் இன்றும் ஆயிரம் ரூபாய் வரைதான். மத்திய அரசு இதை உயர்த்த வேண்டும். நம் மாவட்டத் தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் ‘ராணுவப் பயிற்சி விடுப்பு’ என்று ஒரு வகையைத் தங்கள் விடுப்பு விதிகளில் சேர்த்தாலே இந்தச் சிக்கலில் பாதி தீரும். அடுத்த முறை சேர்க்கை அறிவிப்பை வெளியிடும்போது, நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியையும், அந்த 8 மாதக் கணக்கையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்